பணம் அனுப்புவது தவிர க்யூஆர் கோடை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறீர்கள்?

பரண்வாசி எழுதியது:

டீக்கடை, பூக்கடை, ஆட்டோ, கோயில் வாசல் என்று எங்கே பார்த்தாலும் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. எல்லாமே பணம் வாங்கத்தான். ஆனால் இந்தக் கட்டத்துக்கும் பணத்துக்கும் அடிப்படையில் ஒரு சம்பந்தமும் இல்லை. அது எழுத்தைச் சுமக்கிற ஒரு படம், அவ்வளவுதான். உள்ளே இருப்பது யூபிஐ முகவரியாக இருந்தால் பணம் போகும். தொலைபேசி எண்ணாக இருந்தால் டயல் திரை திறக்கும். வைஃபை விவரமாக இருந்தால் இணைப்பு கிடைக்கும். சும்மா நாலு வரியாக இருந்தால் அந்த நாலு வரி திரையில் தெரியும். அதற்கு இணையம்கூட வேண்டாம்.

எங்கள் வீட்டில் அதிகம் உதவுவது கொலுப் பெட்டிகளில்தான். நவராத்திரி முடிந்ததும் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் பரணில் ஏற்றிவிடுவோம். அடுத்த வருடம் தசாவதாரம் எந்தப் பெட்டி, செட்டியார் எந்தப் பெட்டி என்று எல்லாவற்றையும் பிரித்துத் தேடுவதுதான் பெரிய வேலை. இப்போது பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கோடு. உள்ளே என்னென்ன செட், எதில் விரிசல் இருக்கிறது, எதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஏணியில் நின்றபடியே ஸ்கேன் செய்து வேண்டியதை மட்டும் இறக்குகிறோம்.

அப்புறம் மின் இணைப்பு எண். அதைக் கோடாக்கி மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். பில் கட்டும்போது அந்த நீள எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டியதில்லை. தண்ணி கேன்காரர் எண் ஃபிரிட்ஜ் கதவில். இதைப் போல நீங்கள் தினமும் பயன்படுத்துவது எது? கேள்விப்பட்டதை விட, செய்து பார்த்ததைச் சொல்லுங்கள்.


ஒரகடம்_ஷிப்ட் எழுதியது:

கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறேன். க்யூஆர் பிறந்ததே எங்கள் தொழிலில்தான். ஜப்பானில் டென்ஸோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவும் 1994-ல் உருவாக்கினார்கள். அதற்கு முன்பு பழைய கோட்டு பார்கோடுதான். ஒன்றில் இருபது எழுத்து அளவுக்குத்தான் கொள்ளும். அதனால் ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஒட்டி, தொழிலாளி ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கையலுப்பைக் குறைக்கத்தான் இது வந்தது.

மூன்று மூலையில் இருக்கும் சதுரங்களைக் கவனித்துப் பாருங்கள். நடுவாக எந்தப் பக்கமிருந்து நேர்கோடு போட்டாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று 1:1:3:1:1 விகிதத்தில் வரும். துண்டுப் பிரசுரம், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று அச்சடித்த பொருட்களை எல்லாம் அலசி, எங்கேயும் அதிகம் வராத விகிதம் எது என்று தேடிப் பிடித்த எண் அது. அதனால்தான் எவ்வளவு எழுத்துக் குப்பைக்கு நடுவே இருந்தாலும் போன் உடனே கண்டுபிடிக்கிறது. கோடைத் தலைகீழாக ஒட்டினாலும் படிக்கும். காப்புரிமை வைத்திருந்தும், தரத்தின்படி பயன்படுத்துகிறவர்களிடம் அந்த நிறுவனம் பணம் கேட்கவில்லை. இன்று பூக்கார அக்கா வரை இது வந்து சேர்ந்ததற்கு அந்த முடிவு ஒரு பெரிய காரணம்.

நான் செய்வது: வீட்டு மோட்டார், இன்வெர்ட்டர் பேட்டரி, வாட்டர் ஃபில்டர் மூன்றிலும் கோடு. மாடல், வாங்கிய தேதி, என்ன சைஸ் பேரிங், எந்த ஃபில்டர், மெக்கானிக் எண். சர்வீஸ் செய்த தேதியை மட்டும் கோடுக்குள் போடுவதில்லை, மாறிக்கொண்டே இருக்கும். கோடுக்குக் கீழே வெள்ளை இடம் விட்டு மார்க்கரில் எழுதிவிடுவேன். மாறாதது உள்ளே, மாறுவது வெளியே.


சிவகாசி_அச்சு எழுதியது:

அச்சடிக்கிறவன் பக்கத்திலிருந்து சில விஷயம். பாதிப் பேர் கோடு வேலை செய்யவில்லை என்று வருவது உள்ளே இருக்கும் விஷயத்தால் அல்ல, ஒட்டும் விதத்தால்.

முதலில் ஓரம். கோடைச் சுற்றி, அதிலுள்ள சின்னக் கட்டங்களில் நாலின் அகலத்துக்கு வெள்ளை இடம் விட வேண்டும் என்பது தரத்திலேயே இருக்கிறது. இடத்தை மிச்சம் பிடிக்க அதைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள். அடுத்தது அளவு. எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்துப் பார்க்கிற டப்பாவுக்கு 2 செ.மீ. போதும். 2 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிற சுவரொட்டிக்கு 20 செ.மீ. வேண்டும். கல்யாண ஃப்ளெக்ஸில் எட்டாத உயரத்தில் உள்ளங்கை அளவுக்குக் கோடு வைக்கச் சொல்லி வருகிறார்கள். யாராலும் படிக்க முடியாது.

மூன்றாவது, லேமினேஷன். பளபளக்கிற ஷீட் டியூப்லைட்டைப் பிரதிபலிக்கும். மேட் ஷீட் கேளுங்கள்.

பிழைதிருத்தத்தில் நாலு நிலை இருக்கிறது. மிகக் குறைந்ததில் சுமார் 7 சதவீதம் சேதமானாலும் படிக்கும், மிக உயர்ந்ததில் சுமார் 30 சதவீதம். ஈரம், எண்ணெய், வெயில் படுகிற இடத்துக்கு உயர்ந்த நிலையை எடுங்கள். நடுவில் லோகோ வைப்பவர்கள் அந்த 30 சதவீதத்திலிருந்துதான் கடன் வாங்குகிறார்கள். லோகோவும் வைத்து, ஓரமும் கிழிந்தால் முடிந்தது கதை.


எழுத்துக்கூட்டி எழுதியது:

பரண்வாசி, உங்கள் கொலுப் பட்டியல் தமிழிலா ஆங்கிலத்திலா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் (கணினியில் இடத்தை அளக்கும் அலகு) போதும். யூனிகோடில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'மி' என்றால் ம-வுக்கு மூன்று, மேல்விலங்குக்கு மூன்று, ஆக ஆறு. புள்ளி வைத்த எழுத்துக்கும் ஆறுதான். 'மிளகாய்த்தூள்' என்று தமிழில் எழுதினால் 39 பைட், 'சில்லி பவுடர்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் இடைவெளியோடு 13 பைட். நடுத்தரப் பிழைதிருத்தத்தில் ஆங்கிலம் பக்கத்துக்கு 21 கட்டமுள்ள மிகச் சிறிய கோடிலேயே அடங்கிவிடும். தமிழுக்கு 29 கட்டம் வேண்டும்.

தமிழில் எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. அதற்கு நேர்மாறாகத்தான் சொல்கிறேன், வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும் என்றால் தமிழில்தான் எழுத வேண்டும். கோடைக் கொஞ்சம் பெரிதாக அச்சடியுங்கள், வரியைச் சுருக்குங்கள். கணக்குப்படி ஒரு கோடு 2,953 பைட் வரை கொள்ளும். ஆனால் அது 177 கட்டம், சாதாரண ஸ்டிக்கர் அளவில் போன் கேமரா திணறும். 57 கட்டத்தை எல்லையாக வைத்துக்கொண்டால் சுமார் எழுபது குறியீடுகள், அதாவது ஐந்தாறு பொருட்களின் பெயர் வரும். அதற்கு மேல் போனால் இரண்டு கோடாகப் பிரித்துவிடுவது நல்லது.


பரண்வாசி எழுதியது:

தமிழில்தான். அம்மாவும் படிக்க வேண்டும் அல்லவா. பெட்டிக்கு இரண்டு கோடு என்பது நல்ல யோசனை, மேலே பொம்மைகள், பக்கத்தில் எச்சரிக்கைகள் என்று பிரித்துவிடலாம்.


கரும்பலகை எழுதியது:

அரசுப் பள்ளி ஆசிரியை. 2018-ல் வந்த நம் தமிழ்நாட்டுப் புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். மகாராஷ்டிராவில் சோலாப்பூர் மாவட்டத்து ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே தன் கிராமப் பள்ளிப் பாடப்புத்தகங்களில் கோடு சேர்த்து, 2020-ல் உலக ஆசிரியர் விருது பெற்றார். பரிசுத் தொகையில் பாதியை மற்ற இறுதிச்சுற்று ஆசிரியர்களோடு பகிர்ந்துகொண்டார் என்பதை என் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வேன்.

ஆனால் வகுப்பில் நடைமுறை வேறு. கோடு பிள்ளை கையில் இருக்கிறது, போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. இதைத் திருப்பிப் போட்ட ஒரு முறையைத்தான் நான் விடாமல் பயன்படுத்துகிறேன். பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு கறுப்பு வெள்ளை வடிவம். க்யூஆர் அல்ல, அதே குடும்பத்துப் படம். அட்டையை நாலு பக்கமாகத் திருப்பலாம், எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. நான் கேள்வி கேட்பேன், எல்லோரும் அட்டையைத் தூக்குவார்கள், என் போன் ஒன்றால் வகுப்பை ஒரு சுற்று காட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று வந்துவிடும். விடையைக் குறிக்கும் எழுத்து ஓரத்தில் சின்னதாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதும் வேலை நடக்காது.

கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பெண் இருந்தாள். வாய் திறந்து பேச வேண்டிய அவசியம் இல்லாதபோது பின்னங்களில் அவள்தான் வகுப்பில் முன்னால் இருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அட்டைக்கு ஆகும் செலவு ஜெராக்ஸ் காசு மட்டும். அட்டையின் பின்னால் தடிமனான காலண்டர் தாளை ஒட்டினால் வருடம் முழுக்க வரும்.


நல்லூர்_வீதி எழுதியது:

கரும்பலகை ரீச்சர் சொன்னதைத்தான் நாங்கள் வேறு விதமாக அனுபவித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம் நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த வருடம் ஜூலையில்தான் தேசிய எரிபொருள் அட்டை என்று கியூஆர் கொண்டுவந்தார்கள். அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம் கொடுத்துப் பதிந்தால் ஒரு கோடு வரும். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு, அதாவது வாரத்துக்கு, 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20.

ஸ்மார்ட் போன் இல்லாத ஆட்கள் என்ன செய்வார்கள் என்று முதலில் எல்லோரும் பயந்தோம். ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் ஸ்கேன் பண்ணுகிற போன் பெற்றோல் செட்காரரிடம் இருந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு கடதாசி. சனம் அதைப் பிரிண்ட் எடுத்து லேமினேற் பண்ணித் திறப்புக்கோர்வையில் (சாவிக்கொத்தில்) கொழுவிக்கொண்டு திரிந்தது. அம்மாவின் பழைய ஸ்கூட்டியின் கோடு அவவின் பேர்ஸில் சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்தது. 2023 செப்டெம்பரில் அந்த முறையை நிறுத்திவிட்டார்கள். கஷ்டமான காலம்தான், ஆனால் ஒரு நாடே கியூஆர் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டது அப்போதுதான்.

இப்போது நான் அதே பழக்கத்தில் சைக்கிள், ஹெல்மெட், மகளின் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் என் தொலைபேசி இலக்கக் கோடு ஒட்டியிருக்கிறேன். பேர் இல்லை, விலாசம் இல்லை, இலக்கம் மட்டும். தொலைந்த தண்ணீர்ப் போத்தல்கூடத் திரும்பி வந்திருக்கிறது.


நைட்_டூட்டி எழுதியது:

நான் செவிலியர். தொலைபேசி எண் கோடு என்றதும் சொல்லத் தோன்றுகிறது. ஜப்பானில் இருமா என்ற நகரத்தில் 2016-ல், மறதி நோய் உள்ள முதியவர்களின் விரல் நகத்தில் ஒட்டுகிற சின்னக் கோடு கொடுக்க ஆரம்பித்தார்கள். செருப்பு, சட்டை என்றால் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள், நகம் கூடவே வரும். அக்கறையோடு யோசித்த ஏற்பாடு என்பது என் எண்ணம்.

நம் வீட்டில் பெரியவர்களுக்குச் செய்வதாக இருந்தால் பர்ஸில் வைக்கிற அட்டை போதும். ஆனால் உள்ளே என்ன போடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். எங்களுக்கு முதல் நிமிடத்தில் வேண்டியவை இவைதான்: எந்த மருந்து ஒத்துக்காது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறாரா, இதயத்தில் ஸ்டென்ட், பேஸ்மேக்கர் இருக்கிறதா, யாரைக் கூப்பிட வேண்டும். ஆதார் எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி எதுவும் வேண்டாம். யார் கையில் கிடைத்தாலும் அந்தக் கோடு திறக்கும், அதற்குப் பூட்டு இல்லை.

இன்னொன்று. அவசரப் பிரிவில் முதலில் யாரும் ஸ்கேன் செய்து பார்க்க மாட்டோம், கண்ணில் படுவதைத்தான் படிப்போம். அதனால் மருந்து ஒவ்வாமையையும் ஒரு தொலைபேசி எண்ணையும் சாதாரண எழுத்தில், சிவப்பில், கோடுக்கு மேலே அச்சடியுங்கள். மீதி விவரம் கோடுக்குள் இருக்கட்டும். அதுவும் நேரடி எழுத்தாக. ஏதோ இணையப் பக்கத்துக்குப் போகிற இணைப்பாக வைத்தால், தரைத்தளத்தில் சிக்னல் இல்லாத எங்கள் வார்டில் அது திறக்காது.


கிணற்றடி எழுதியது:

நைட்_டூட்டி அக்கா சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் சம்ப் மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட் அவசர எண் எல்லாவற்றுக்கும் இலவசமாகக் கோடு செய்துதரும் ஒரு தளத்தில் செய்து மாட்டியிருந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து எல்லாக் கோடும் 'உங்கள் இலவசக் காலம் முடிந்தது, சந்தா கட்டுங்கள்' என்ற பக்கத்துக்குப் போனது. கோடுக்குள் இருந்தது எங்கள் விஷயமே இல்லை, அந்தத் தளத்தின் சுருக்க முகவரி. அவர்கள் வழியாகத்தான் நம் விஷயத்துக்குப் போக முடியும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் சந்தா கட்டி எண்ணைப் பார்க்க முடியுமா?

ஆகவே இந்த 'டைனமிக்' கோடே வேண்டாம் என்பது என் கட்சி.


சிவகாசி_அச்சு எழுதியது:

அண்ணே, ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஹோட்டல் மெனு, பாடப்புத்தகம், மியூசியம் பலகை இதெல்லாம் ஒரு முறை அச்சாகிவிடும், உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும். பாடப்புத்தகக் கோடுக்குள்ளே வீடியோவையே வைக்க முடியாது, இணைப்புதான் வைக்க முடியும். யார் முகவரி என்பதுதான் கேள்வி. சொந்த டொமைன் வைத்திருக்கிறவர்கள் அதை வைத்து இணைப்பு கொடுத்தால் பிரச்சினை இல்லை, பக்கம் இடம் மாறினாலும் அவர்களே திருப்பிவிடலாம். அடுத்தவன் சுருக்க முகவரியைக் கல்வெட்டில் பொறிக்கத்தான் கூடாது. எங்களிடம் வருகிறவர்களுக்கு அச்சடிக்கும் முன் கோடை ஸ்கேன் செய்து, திரையில் வருகிற முகவரியைக் காட்டி 'இது உங்களுடையதா?' என்று கேட்கிறோம். பலர் அப்போதுதான் பார்க்கிறார்கள்.


கிணற்றடி எழுதியது:

சரி, அது நியாயம். மாறுகிற விஷயத்துக்குச் சொந்த முகவரி, மாறாததற்கு நேரடி எழுத்து. லிஃப்ட் எண் இரண்டாவது வகை.


விரல்நுனி எழுதியது:

எனக்குப் பார்வை இல்லை. போனின் திரைவாசிப்பான் மூலம் இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கெல்லாம் இது வசதி, எனக்கு இது சமையலறை.

கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் கை வைத்தால் ஓரளவு தெரியும். மல்லித்தூளும் சாம்பார்த்தூளும் மூடியைத் திறந்தால் மணத்தில் தெரியும். ஆனால் மாத்திரை அட்டை? ஒரே அளவு, ஒரே வழுவழுப்பு. என் தங்கை ஒவ்வொரு மாத்திரை டப்பாவிலும் தமிழில் பெயர், எதற்கு, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று நேரடி எழுத்தாகக் கோடு ஒட்டித் தருகிறாள். போனைக் காட்டினால் வாசித்துவிடும்.

எங்களுக்கு உள்ள சிக்கல் கோடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அதற்கு அவள் செய்த ஏற்பாடு: கோடின் இடது மேல் மூலையை ஒட்டி, வெள்ளை ஓரத்துக்கு வெளியே ஃபெவிகால் ஒரு சொட்டு. காய்ந்ததும் புடைப்பாக நிற்கும். விரலால் அதைத் தொட்டு, அதற்கு நேராகப் போனை ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் உடனே படிக்கிறது. எல்லா டப்பாவிலும் அதே மூலை, அதே உயரம். இந்த ஒழுங்கு முக்கியம்.

மருந்துக் கம்பெனிகள் விஷயத்தில்: 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் முன்னணி 300 மருந்து பிராண்டுகளின் உறையில் பார்கோடோ க்யூஆரோ கட்டாயம். போலி மருந்தைக் கண்டுபிடிக்கக் கொண்டுவந்தது. மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். காலாவதி தேதியை யாரையும் கேட்காமல் நானே தெரிந்துகொள்ள முடிவது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கோடு உறையில் எங்கே இருக்கும் என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. பார்சிலோனா போக்குவரத்தில் நேவிலென்ஸ் என்ற வண்ணக் கோடு வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து, பக்கவாட்டிலிருந்து, நடந்துகொண்டே ஸ்கேன் செய்யலாம், சரியாகக் குறிபார்க்க வேண்டியதில்லை. நம் பேருந்து நிறுத்தங்களில் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை.


ஒரகடம்_ஷிப்ட் எழுதியது:

அந்தச் சொட்டு ஃபெவிகால் யோசனையை எங்கள் குடியிருப்பில் பார்வையில்லாத ஒரு ஐயாவுக்குச் செய்து கொடுக்கப் போகிறேன். தங்கச்சிக்கு வணக்கம் சொல்லுங்கள்.


மொய்நோட்டு எழுதியது:

பணம் வேண்டாம் என்று தலைப்பில் இருக்கிறது, ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் மதுரைப் பக்கம் மொய் என்பது வெறும் பணம் அல்ல, கணக்கு. இன்னார் மகன், இன்ன ஊர், இவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்தால்தான் நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய முடியும். மண்டபத்தில் க்யூஆர் வைத்தால் வங்கிப் பெயர் மட்டும்தான் வரும். ஊரில் எல்லோரும் 'மேலவீட்டுக்காரர்' என்று கூப்பிடுகிறவர் வங்கியில் வேறு பெயர். பாதி நேரம் மகன் போனிலிருந்து அனுப்புவார், மகன் பெயர் வரும்.

எங்கள் தங்கை கல்யாணத்தில் மொய் மேசையில் கோடுக்குப் பக்கத்திலேயே 'குறிப்பில் ஊர், குடும்பப் பெயர் எழுதவும்' என்று பெரிதாகப் போட்டு, ஒரு பையனை உட்கார வைத்தோம். வருகிறவர் அனுப்பி முடித்ததும் அவன் கேட்டு நோட்டிலும் ஏற்றிவிடுவான். இரவு கணக்குப் பார்க்கும்போது யாருடைய பணம் என்று ஒரு தகராறும் இல்லை. பத்திரிகையின் பின்பக்கம் வைத்த மண்டபத்தின் வழிகாட்டிக் கோடு இன்னும் உபயோகம், வெளியூரிலிருந்து வந்த ஒருவரும் வழி கேட்டுப் போன் பண்ணவில்லை.


நைட்_டூட்டி எழுதியது:

மொய் என்றதும் ஒரு எச்சரிக்கை. பொது இடத்தில் வைத்த கோடின் மேல் வேறு கோடை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். மண்டபத்தில் மேசையை விட்டு எழுந்து வந்தால் ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள், மேலே ஸ்டிக்கர் இருந்தால் விளிம்பு தட்டுப்படும். பணம் 'பெறுவதற்கு' கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை (PIN) போடச் சொன்னால் அது மோசடி. யூபிஐயில் பணம் வாங்க ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.


பரண்வாசி எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் அப்பாவுக்கு மருந்து அட்டை, ஒவ்வாமை சிவப்பில் மேலே. வைஃபைக்கும் ஒன்று செய்து ஹாலில் வைக்கப்போகிறேன், விருந்தினர் வந்தால் அந்த நீளக் கடவுச்சொல்லைச் சொல்லி மாளவில்லை.

ஒரே ஒரு சந்தேகம், அச்சுக்கார அண்ணனுக்கு. சமையலறை எவர்சில்வர் டப்பாவில் ஒட்டினால் வளைவில் படிக்குமா?


சிவகாசி_அச்சு எழுதியது:

டப்பாவின் வட்டத்தில் ஒட்டாதீர்கள், மூடியின் தட்டையான நடுவில் ஒட்டுங்கள். வட்டத்தில்தான் வேண்டும் என்றால் கோடின் அகலம் கண்ணுக்கு நேரே தட்டையாகத் தெரிகிற பகுதிக்குள் அடங்க வேண்டும். எவர்சில்வர் மேல் நேராகக் கறுப்பில் அச்சடித்தால் உலோகப் பளபளப்பு வெள்ளைக் கட்டத்தைக் கெடுக்கும், வெள்ளை வினைல் ஸ்டிக்கர்தான் சரி. இங்க்ஜெட் வேண்டாம், ஈரக்கை பட்டால் ஊறிவிடும். லேசர் பிரிண்டில் எடுத்து, ஒட்டும் இடத்தை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.

வைஃபைக்கு வீட்டு நெட்வொர்க்கைக் கொடுக்காமல், ரூட்டரில் விருந்தினர் நெட்வொர்க் தனியாக ஒன்று வைத்து அதற்குக் கோடு செய்யுங்கள். ஹாலில் எடுக்கிற போட்டோவில் அந்தக் கோடு விழுந்தாலும் யாராவது ஸ்கேன் செய்துவிட முடியும்.